இடது கை லேபிள்

துபாய் ஏர்போர்ட்டில் ஊருக்குப் போகிற வரிசையில் நிற்கும்போது என் கண் யார் முகத்தையும் பார்க்காது, இடது கைகளைத்தான் பார்க்கும். எந்த விமானமானாலும் கோட் போட்டுக்கொண்டு ஊருக்குப் போகிறவர்கள் சிலராவது இருப்பார்கள். வெயிலைப் பற்றிக் கவலையே இல்லாத மனிதர்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேரின் இடது கை ஓரத்தில், பொத்தான்களுக்குச் சற்று மேலே, கம்பெனி பெயர் நெய்த சின்னத் துணி லேபிள் அப்படியே இருக்கும். ஹேங்கரில் தொங்குகிற கோட் எந்தக் கம்பெனியுடையது என்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்பதற்காக லேசாகத் தைத்து வைப்பது அது. வாங்கியவுடன் பிரித்து எறிந்துவிட வேண்டும். ஐரோப்பாக்காரன் எவனும் அதோடு தெருவில் இறங்க மாட்டான். நம் ஆட்கள் பிரிப்பதில்லை.

முன்பெல்லாம் அதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். பக்கத்தில் போய், "அண்ணே, அதைப் பிரிச்சிருங்க" என்று சொல்லிவிடலாமா என்று கைகூடப் பரபரக்கும். இப்போது சிரிப்பதில்லை. அவர்கள் விவரமானவர்கள் என்றே நினைக்கிறேன்.

துபாயில் ஒரு பெரிய மாலில், இத்தாலிய ஆண்கள் உடை விற்கிற கடையில் சேல்ஸ்மேனாக இருக்கிறேன். சொந்த ஊர் தமிழ்நாட்டுக் கடற்கரை. வாப்பாவும் இங்கே இருந்தவர்தான், பர் துபாய் மீனா பஜாரில் ஜவுளிக் கடை. துணி என்றால் எங்கள் ஆட்களுக்கு மீட்டர் போட்டுக் கிழித்துத் தருவது. தைத்த கோட்டை விற்கிற வேலைக்கு நான் வந்தபோது வாப்பாவுக்கு அவ்வளவு திருப்தியில்லை. "அடுத்தவன் தச்சதுக்கு நீ ஏன்டா சர்ட்டிபிகேட் குடுக்குறே?" என்றார்.

சேர்ந்த புதிதில் எங்களுக்குப் பாடம் எடுக்க இத்தாலியிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். தலை முழுக்க நரை, வாய் முழுக்க சிரிப்பு. மேஜையில் இரண்டு கோட்டைப் போட்டார். ஒன்று பழைய கால இங்கிலீஷ்காரன் பாணிக் கோட். அதைக் கத்தரிக்கோலால் நெஞ்சுப் பக்கம் கிழித்தார். உள்ளேயிருந்து குதிரைமுடி போட்டு நெய்த முரட்டுத் துணி, கம்பளி அட்டை, தோளுக்குப் பஞ்சுப் பொதி என்று மெத்தையைப் பிரித்த மாதிரி வந்துகொண்டே இருந்தது. பிறகு இரண்டாவது கோட்டைக் கிழித்தார். ஒன்றும் வரவில்லை. துணிதான், துணிக்கு அடியில் சட்டைதான். எங்கள் இத்தாலிய ஆட்கள் உலகத்துக்குச் செய்தது இதுதான் என்று சொல்லி, அந்தக் காலி இடத்தில் கையை விட்டு ஆட்டிக் காட்டினார்.

நான் அசந்துபோனேன். அதுவரை கோட் என்றால் மனிதனை நிமிர்த்தி நிற்க வைக்கிற பெட்டி என்று நினைத்திருந்தேன். மிலான் நகரத்து வடிவமைப்பாளர்கள் ஒரு தலைமுறையில் அந்தப் பெட்டியை உடைத்துப் போட்டுவிட்டார்கள். தோள் எங்கே இருக்கிறதோ அங்கே துணி விழட்டும், கை போகிற பக்கம் கோட்டும் வரட்டும் என்று விட்டுவிட்டார்கள். அதே கோட்டைப் பெண்களுக்கும் வெட்டிக் கொடுத்தார்கள். ஆபீஸ் போகிற பெண் அதைப் போட்டுக்கொண்டு மீட்டிங்கில் போய் உட்கார்ந்தாள். சினிமா நடிகர்கள் போட்டார்கள், பாங்க்காரர்கள் போட்டார்கள், ஃபுட்பால் கோச்சுகள் போட்டார்கள். இன்றைக்கு உலகத்தில் எந்த ஊரில் ஒருவன் கோட்டைக் கழற்றாமல் கை நீட்டி டீ குடிக்கிறானோ, அவனுக்கே தெரியாமல் அவன் தோளில் இத்தாலிக்காரன் வேலை இருக்கிறது.

எல்லா இத்தாலியரும் அப்படி அடக்கமானவர்கள் என்று சொல்ல வரவில்லை. எங்களுக்கு மேல் மாடியில் பெண்கள் கடை. அங்கே தங்கக் கரை, ஆளுயரப் பூ, கண்ணைப் பறிக்கிற மஞ்சள். இந்த நாட்டுப் பெண்கள் அதை வாங்கிப் போய்க் கறுப்பு அபாயா அங்கிக்குள்ளே போட்டுக்கொண்டு பெண்கள் மட்டும் கூடுகிற கல்யாணங்களுக்குப் போவார்கள். வெளியே ஒரு நூல் தெரியாது. யார் பார்க்க வேண்டுமோ அவர்கள் பார்த்தால் போதும் என்கிற நிம்மதி அவர்களுக்கு. எனக்கு அது பிடித்திருந்தது. நல்ல பொருள் தன்னைப் பற்றிக் கத்தாது என்று ஓர் எண்ணம் எனக்குள் அப்படித்தான் ஊறிப்போனது. வாடிக்கையாளருக்குக் கோட்டை மாட்டிவிட்டு, "போட்டதே மறந்து போகும் சார்" என்பேன். விற்பதற்காகச் சொன்ன வார்த்தை இல்லை, நம்பித்தான் சொன்னேன்.

கராமாவில் நான் இருக்கிற அறையில் பக்கத்துக் கட்டில்காரர் புதுக்கோட்டைப் பக்கம். ஏசி டக்ட் மாட்டுகிற வேலையில் ஃபோர்மேன். எனக்கு மூத்தவர், நான் அண்ணே என்பேன், அவர் என்னைப் பாய் என்பார். அவருக்கு ஒரே பெண். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் மாப்பிள்ளை வீட்டில் வேறெதையும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ரிசப்ஷன் கோட் மட்டும் துபாயிலிருந்து வரட்டும் என்றார்கள். மாப்பிள்ளைக்குக் கோட் எடுத்துக் கொடுப்பது பெண் வீட்டு முறை. கேட்டதை நன்றாகச் செய்துவிட்டால் மகளுக்கு அந்த வீட்டில் மரியாதை என்று அண்ணனுக்கு ஒரே எண்ணம். "பாய், கோட்டு விசயம் ஒங்க பொறுப்பு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சீசன் முடிகிற சமயத்தில் கடை ஆட்கள் ஆளுக்கு ஒன்று சலுகையில் எடுத்துக்கொள்ளலாம். என் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்தேன். கருநீலத்தில், உள்ளே ஒன்றுமே இல்லாத, கையில் எடுத்தால் போர்வை மாதிரி மடிகிற கோட். கடையிலேயே ஆக நல்லது அதுதான். மாப்பிள்ளையின் அளவு வாட்ஸ்அப்பில் வந்தது, எங்கள் டெய்லர் கையைக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தார். அறைக்குக் கொண்டுவந்து, கட்டிலில் விரித்து, அண்ணனுக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். கீழ்ப் பொத்தானைப் போடக் கூடாது. பின்பக்கப் பிளவில் இருக்கிற குறுக்குத் தையலைப் பிரித்துவிட வேண்டும். கையில் இருக்கிற லேபிள் இருக்கவே கூடாது, அதோடு போட்டால் பட்டிக்காட்டான் என்பார்கள்.

சைட்டில் புது மெஷினைப் பற்றிக் கேட்பது போல ஒவ்வொன்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நகம் வெட்டுகிற சின்னக் கத்தரிக்கோலால் லேபிளை அவரே பிரித்தார். துணியில் ஒரு நூல் இழுபடவில்லை. தூக்கிப் போட மனசு வராமல், சுவர்க் கண்ணாடியின் சட்டத்தில் அதைச் செருகி வைத்தார். "நல்லா இருக்குல்ல பாய்?" என்றார். நல்லாத்தான் இருந்தது.

எனக்கு லீவு கிடைக்கவில்லை, அண்ணன் மட்டும் கோட்டோடு ஊருக்குப் போனார். கல்யாணத்துக்கு மறுநாள் போட்டோக்கள் வந்தன. பெண் லட்சணமாக இருந்தாள். மாப்பிள்ளை பளபளவென்று மெரூன் நிறத்தில், கழுத்துப் பட்டையில் கல் பதித்த, தோள் பலகை மாதிரி நிற்கிற கோட் போட்டிருந்தான். வாடகைக் கோட் என்பது பார்த்தவுடன் தெரிந்தது. அளவு சரியில்லை போலிருக்கிறது, நம் டெய்லர் சொதப்பிவிட்டார் என்று நினைத்து அவரிடம் போய் எரிந்து விழுந்தேன். பாவம் அந்த மனிதர்.

அண்ணன் திரும்பி வந்து, கல்யாணப் பலகாரத்தை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, கோட்டைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரு லீவு நாளில் கராமாவில் நாங்கள் வழக்கமாகப் போகிற ஓட்டலில் டீ குடிக்கும்போது அவராகவே ஆரம்பித்தார். மாப்பிள்ளையின் தாய்மாமன் சிங்கப்பூரில் கொஞ்ச காலம் இருந்தவர். வெளிநாட்டுச் சாமான் என்றால் அந்த வீட்டில் அவர் சொல்வதுதான் தீர்ப்பு.

"காலரப் புடிச்சுத் தூக்கிப் பாத்தாரு பாய். என்ன சம்பந்தி, உள்ள ஒண்ணுமே இல்லையே, பழந்துணி கணக்கா தொங்குதேன்னாரு. அதான் சம்பந்தி இதோட விசேசமேன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. சரி, சிரிச்சிட்டுப் போகட்டும்னுதான் இருந்தேன்."

டீயை ஒரு வாய் குடித்தார்.

"பொறவு இடது கையத் திருப்பிப் பாத்தாரு. லேபிள் இருந்த எடத்துல ஊசித் தடம் இருக்குல்ல, அதத் தடவிப் பாத்தாரு. உள்ள பேரு இருக்கு, கையில இல்ல, அப்ப எவனோ போட்டுக் கழட்டுனதுதானேன்னாரு. அரபி கழட்டிப் போட்டதக் கொண்டாந்து கட்டிக்கப்போற புள்ளைக்குக் குடுக்குறீகளேன்னு மாப்பிள்ளையோட அம்மா அழுதிருச்சு பாய்."

"நீங்க சொல்லலையாண்ணே?"

"சொன்னேன். வாங்குனா பிரிச்சிரணும், அதான் மொறைன்னு சொன்னேன். புதுச எவனாச்சும் பிரிப்பானான்னாரு."

பில்லைக் காட்டியிருக்கலாமே என்று எனக்கும் நாக்கு வரை வந்தது. பில் என் பேரில் இருந்தது. அதில் ஸ்டாஃப் சலுகை என்று வேறு அச்சடித்திருந்தது. காட்டியிருந்தால் இன்னும் அசிங்கம். எனக்கு ஒரு போன் போட்டிருந்தால் லேபிளையாவது போட்டோ எடுத்து அனுப்பியிருப்பேன். அது இங்கே கண்ணாடியில் சும்மாதான் இருந்தது. தினமும் காலையில் தலை வாரும்போது அதைப் பார்த்து, நம் கைராசியில் ஊரில் ஒரு கல்யாணம் அமர்க்களப்படுகிறது என்று நான்தான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"போன் போட்டிருக்கலாமேண்ணே" என்றேன்.

"ஒங்களுக்கு எதுக்கு பாய் அந்த வருத்தம்" என்றார்.

நான் சொன்னது அத்தனையும் சரி. லண்டனில் சரி, மிலானில் சரி, எங்கள் கடையிலும் சரி. அதுதான் எனக்கு ஆறவில்லை. தப்பாக எதையாவது சொல்லித் தொலைத்திருந்தால் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டிருக்கலாம். தாய்மாமன் மேல் கோபப்படலாம் என்று பார்த்தால், அவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஊசித் தடம் இருக்கிற துணி பிரித்த துணிதானே? உள்ளே ஒன்றுமில்லாததை உருவாக்கத்தான் இத்தாலிக்காரன் அவ்வளவு பாடுபட்டான் என்பதைக் கல்யாண வீட்டில் யாருக்குப் புரியவைக்க முடியும்?

இப்போதெல்லாம் கடைக்கு நம் பக்கத்து ஆள் யாராவது வந்தால், கோட் யாருக்கு என்று கேட்கிறேன். ஊருக்கு என்றால் லேபிளைத் தொட மாட்டேன். டெய்லர் கத்தரியோடு வந்தாலும் "கலாஸ் பாய், போதும், விட்டுருங்க" என்று தடுத்துவிடுவேன். மேனேஜர் ஒரு முறை பார்த்துவிட்டு, இது நம் கடையின் தரத்துக்கு ஏற்றதில்லை என்று முறைத்தார். முறைக்கட்டும்.

லேபிளைத் திரும்பத் தைத்துக் கொடுக்கிறேன், அடுத்த லீவில் போகும்போது மாப்பிள்ளையிடம் கோட்டைக் கேட்டு வாங்கி வாருங்கள் என்று அண்ணனிடம் சொல்லிப் பார்த்தேன். "வேணாம் பாய். இப்பத் தச்சுக் குடுத்தா, அப்பப் பழசுதான்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்" என்றார். அந்த வீட்டில் மிக்சி ரிப்பேரானாலும், ஃபேன் சத்தம் போட்டாலும், துபாய்க் கோட்டு மாதிரிதான் என்று கேலி பேசுகிறார்களாம். மகள் சிரித்துக்கொண்டே சொன்னதாக அவரும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் குளிக்கப் போயிருந்தார். கட்டிலில் கிடந்த அவர் போன் அடித்தது. மகள்தான். எடுத்து, அப்பா குளிக்கிறார் என்றேன்.

"சித்தப்பாவா? நல்லதாப் போச்சு. நானே ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்." குரலை இறக்கிக்கொண்டு கேட்டாள். "அந்தக் கோட்டு புதுசுதானே சித்தப்பா? எனக்கு மட்டும் உண்மையச் சொல்லுங்க."

மாமன் கேட்டதை, மாமியார் கேட்டதை எப்படியோ தாங்கிக்கொள்ளலாம். இது அவர் பெண். புதுசுதாம்மா, என் கையால் எடுத்துக் கொடுத்தேன், என் கண் முன்னால் உன் அப்பாதான் லேபிளைப் பிரித்தார் என்றேன். சரி சித்தப்பா, சரி சித்தப்பா என்றாள். பெரியவர்கள் சொல்லும்போது மறுத்துப் பேசாமல் சொல்கிற சரி அது.

போனை வைத்துவிட்டுக் கண்ணாடிக்குப் போய், என் போனில் லேபிளைப் போட்டோ எடுத்து அவள் நம்பருக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று நீலக் கோடு வந்தது. பிறகு ஒரு வரி வந்தது. "அப்பாகிட்ட நான் கேட்டேன்னு சொல்லிராதீங்க சித்தப்பா." நம்பினாளா இல்லையா என்பது அதில் இல்லை.

அண்ணன் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். "யாரு பாய் போன்ல?"

"பொண்ணுதான்ணே. சும்மா கூப்பிட்டுச்சாம்."

சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டுக் கண்ணாடி முன்னால் போய் நின்றார். சீப்பை எடுப்பதற்கு முன், லேபிளில் படிந்திருந்த தூசியைத் துண்டு முனையால் துடைத்துவிட்டு, அது நேராக இருக்கிறதா என்று பார்த்தார்.