தவக்காலத்தில் மனைவி விட்டது

2025 மார்ச் 21, வெள்ளிக்கிழமை. எழுந்ததும் பால் காய்ச்சி, சின்ன வெங்காயம் உரிக்க உட்கார்ந்தேன். மனைவிக்கு விரல் மூட்டுகளில் வாதம் வந்த பிறகு உரிப்பது என் வேலை. தவக்கால வெள்ளி, கறி மீன் கிடையாது, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு.

"காஞ்ச தோலை மட்டும் எடுங்க. அதுக்கடுத்த செவப்புலதான் அம்புட்டுச் சத்தும்" என்றாள்.

அது ஃபிளேவனாய்டு. தாவரங்களில் உள்ள சத்து, உடம்பின் அழற்சியைத் தணிக்கும் என்று கைப்பேசியில் படித்திருந்தாள். உரித்த சருகையும் வீணாக்காமல் கொதிக்கவைத்துக் குடித்துவந்தாள். நல்லதுதானே என்று நானும் இருந்துவிட்டேன்.

நான் வடமதுரையில் விதைக்கடைக் கணக்கு பார்க்கிறேன்; அவள் நாங்கள் குடியிருக்கும் இந்த நகரிலேயே ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. மாலை தேவாலயத்தில் சிலுவைப்பாதைச் செபம் முடிந்து வந்ததும், பாத்திரத்து மூடியைத் திறக்க முடியாமல் என்னிடம் நீட்டினாள். விரல்கள் வீங்கிச் சிவந்திருந்தன.

"பள்ளிக்கூடத்துல சாக்பீஸே கையில நிக்கலை. 'அ' போட்டேன், பிள்ளைக முட்டைன்னு சிரிக்குதுக."

"ஞாயித்துக்கிழமை மாத்திரை போட்டியா?"

வாதத்துக்கு வாரம் ஒருமுறை போடவேண்டிய மாத்திரை அது.

"ரெண்டு வாரமா போடலை. தவக்காலத்துக்கு ஒறுத்தலா விட்டுட்டேன். அதான் வெங்காயம் சாப்பிடுறேன்ல?"

"ஒறுத்தல்னா பிடிச்சதை விடணும். நீ பிடிக்காததையில்ல விட்டிருக்க! சீரியலை விட்டிருக்கலாம்ல?"

"அதை விட்டா நாப்பது நாள் எப்படி ஓடும்?" என்று சிரித்தவள், சட்டென்று கண் கலங்கினாள். "அந்த மாத்திரை போட்டா ரெண்டு நாளைக்கு வாயெல்லாம் கசப்பு. சோறு எறங்க மாட்டேங்குது. சீப்புல முடி கொத்துக் கொத்தா வருது. உங்ககிட்ட சொன்னா திட்டுவீங்க."

திட்டவில்லை. அவள் காட்டிய கட்டுரையை இருவரும் கடைசி வரி வரை படித்தோம். ஆய்வகத்தில் இந்தச் சத்து அழற்சியைக் குறைப்பதும், செல்கள் ஆக்சிஜனேற்றத்தால் சிதைவதைத் தடுப்பதும் உண்மை. ஆனால் சாப்பாட்டிலிருந்து உடம்பு எடுத்துக்கொள்வது கொஞ்சம்தான். அதுவும் சீக்கிரம் வெளியேறிவிடும். மருந்துக்கு மாற்று என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

"இத்தனை நாளா மேல்பாதியத்தான் படிச்சிருக்கேன்" என்றாள்.

"வெங்காயத்தை விடவேணாம். குழம்புல கிடக்கட்டும். ஒத்துக்கலைங்கறத டாக்டர்கிட்ட சொல்லுவோம். வேற வழி வச்சிருப்பாரு."

"விட்டதைச் சொன்னா கத்துவாருங்க."

"நானும் வாரேன். சேந்து வாங்கிக்குவோம்."

மறுநாள் காலை முதல் வேலையாக இருவரும் மருத்துவமனைக்குப் போனோம். டோக்கன் தரும் பெண் என்ன தொந்தரவு என்று கேட்டாள். "மாத்திரை ஒத்துக்கலைன்னு எழுதுங்கம்மா" என்றேன்.

மனைவி என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். "ரெண்டு வாரமா போடவும் இல்லை. அதையும் எழுதும்மா."