சீயக்காய்ப் பெட்டியின் கடைசி வரி

என் மச்சானுக்கு, அதாவது என் மனைவியின் தம்பிக்கு, 2008இல் வேலை போனது ஒரே ஒரு வரியால். அந்த வரி வந்தது அவனுடைய புரோகிராமிலிருந்து. அதை அச்சில் ஏற்றியது நான். இவ்வளவும் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். இன்னொன்றும் இருந்தது. அது எனக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும்.

நான் அப்போது கடலூர் முதுநகரில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் டிடிபி ஆபரேட்டர். கல்யாணப் பத்திரிகை, பில் புக்கு, ஊறுகாய் லேபிள், கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கையால்தான் போகும். வெளியிலிருந்து வரும் தமிழ் மேட்டரில் ஒரு தொல்லை உண்டு. அவர்கள் அடித்த ஃபாண்ட் நம்மிடம் இல்லையென்றால், தமிழுக்குப் பதில் இங்கிலீஷ் எழுத்துகள் கன்னாபின்னாவென்று திரையில் நிற்கும். சரியான ஃபாண்டைக் கொடுத்தால் தமிழாகிவிடும். எந்தக் கன்னாபின்னாவுக்கு எந்த ஃபாண்ட் என்று பார்த்தவுடனே சொல்வேன். பக்கத்து அச்சகத்துக்காரர்கள்கூட என்னிடம் கேட்டுப் போவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே.

மச்சான் சிதம்பரத்தில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, சிப்காட் தாண்டி இருந்த ஒரு சீயக்காய்த்தூள் கம்பெனியில் சேர்ந்திருந்தான். கீரப்பாளையத்திலிருந்து தினமும் பஸ். ஆறு மாதம் பார்த்துவிட்டு பெர்மனென்ட் செய்வதாகச் சொல்லியிருந்தார்கள். சிதம்பரம் தெற்கு வீதியில் ஒரு பெண்ணைப் பார்த்து இரண்டு பக்கத்துக்கும் பிடித்திருந்தது. பெண்ணின் அப்பா, "வேல பெர்மனென்ட் ஆவட்டும், தட்டு மாத்திக்கலாம்" என்றார். ஆறு மாதம் முடிய இரண்டு வாரம்தான் பாக்கி. மாமியார் பட்டுப்புடவைக் கடையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

கம்பெனியில் விதவிதமான பாக்கெட், பெட்டி. ஒவ்வொன்றிலும் எடை, சேர்மானம், உபயோகிக்கும் முறை. இதையெல்லாம் கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்து, பொருளின் நம்பரைக் கொடுத்தால் லேபிள் மேட்டர் தானாக வருகிற மாதிரி அவன் ஒரு புரோகிராம் எழுதினான். அதிலிருந்து வந்த முதல் மேட்டர் சிடியில் எங்கள் அச்சகத்துக்கு வந்தது. எல்லாம் சரி. "உபயோகிக்கும் முறை" என்பதற்குக் கீழே மட்டும் இப்படி ஒரு வரி:

SELECT usage_tamil FROM label_master WHERE item_code = 14

தமிழ் வரவேண்டிய இடத்தில் இங்கிலீஷ் எழுத்து. எனக்கு ஆச்சரியமே இல்லை. தினம் பார்க்கிற கூத்துதானே? அந்த நேரத்தில்தான் மச்சான் போன் செய்தான்.

"மாமா, சிடி வந்துச்சா? கடைசி வரி ஒண்ணு இங்கிலீஷ்ல இருக்கும். அது தப்பா வந்துடுச்சு..."

"பாத்தேன் மச்சான். ஃபாண்ட் பிரச்சன. நான் பாத்துக்கறேன்."

"இல்ல மாமா, அது ஃபாண்ட் இல்ல, அது வந்து..."

"டேய், நீ பொறக்கறதுக்கு முன்னாடியிருந்து நான் ஃபாண்டு பாக்கறேன். போன வை."

அவன் பிறக்கும்போது நான் ஐந்தாம் வகுப்பு. ஆனாலும் சொன்னேன், வைத்தும் விட்டேன்.

பிறகு அந்த வரிக்குத் தமிழ் ஃபாண்டைக் கொடுத்தேன். SELECT என்பது "ளுநுடுநுஊவு" ஆனது. FROM என்பது "குசுழுஆ" ஆனது. மெஷின் ஓட்டுகிறவர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னாய்யா, சீயக்காய் டப்பாவுல குசு வருது?" என்றார். வயிறு வலிக்கச் சிரித்தோம். இன்னும் மூன்று ஃபாண்ட் போட்டுப் பார்த்தேன், ஒன்றிலும் தமிழ் வரவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கலாம் என்று பழையபடி இங்கிலீஷிலேயே விட்டேன். SELECT, FROM எல்லாம் எனக்குத் தெரியாத சொல்லா? தெரியும். ஆனால் நான் படிக்கவே இல்லை. ஃபாண்ட் பார்க்கிறவன் எழுத்தின் வடிவத்தைத்தான் பார்ப்பான்.

சாப்பிட்டு வருவதற்குள் கரண்ட் போய்விட்டது. கரண்ட் திரும்பி வந்தபோது சாயங்காலம். சீயக்காய் கம்பெனி வேன் காலையில் வந்து நிற்கும் என்று முதலாளி குதித்துக்கொண்டிருந்தார். "ப்ரூஃப் பாத்துட்டியா?" என்றார். "பாத்துட்டேன் சார்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அந்த வரி எனக்கு ஞாபகமே வரவில்லை. இதை யாரும் நம்பவேண்டாம், ஆனால் அதுதான் உண்மை.

தப்பு வெளியே வந்தது கீரப்பாளையத்தில். பெட்டியில் கடைசியாக 14 என்று இருந்ததா, அது பரிசு நம்பர் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். 'செலக்ட்' என்று வேறு இங்கிலீஷில் போட்டிருக்கிறதே, தேர்ந்தெடுக்கப்பட்ட பெட்டி என்றுதானே அர்த்தம்? ஆளாளுக்குப் பெட்டியைப் பத்திரப்படுத்தினார்கள். எல்லாப் பெட்டியிலும் அதே பதினாலு என்று கண்டுபிடிக்க நான்கு நாள் ஆயிற்று. கடைக்காரர் கம்பெனிக்கு போன் செய்து, பரிசு என்ன, புடவையா குக்கரா என்று கேட்டிருக்கிறார்.

மறுநாளே எங்களைக் கம்பெனிக்குக் கூப்பிட்டார்கள். கம்பெனி முதலாளி, எங்கள் முதலாளி, மச்சான், நான். மேஜை நடுவில் ஒரு சீயக்காய்ப் பெட்டி.

கம்பெனி முதலாளி கத்தவில்லை. அமைதியாகத்தான் கேட்டார். "இது யாரு எழுதனது?"

"என் புரோகிராம்ல வந்ததுதான் சார்" என்றான் மச்சான்.

"தப்புன்னு தெரிஞ்சுதா இல்லியா?"

"தெரிஞ்சுது சார்."

"அப்ப பிரஸ்ஸுக்குச் சொன்னியா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் பெட்டியைப் பார்த்தேன். அவன் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "வந்தத அப்படியேதான் சார் போடுவோம். கம்ப்யூட்டர் பாஷை நமக்கு என்னா தெரியும்?"

எங்கள் முதலாளி பலமாகத் தலையாட்டினார். மச்சான் தன் முதலாளி பக்கம் திரும்பினான். "சொல்லல சார்" என்றான்.

அன்றைக்கே அவனை அனுப்பிவிட்டார்கள். தெற்கு வீதிக்காரர்கள் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவன் ஒரு மாதம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை, பிறகு சென்னைக்குப் போனான்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசித்திருக்கிறேன். என் வேலைக்குப் பயந்தா? இல்லை. என் முதலாளி திட்டியிருப்பார், அவ்வளவுதான். என்னை விட்டால் அவருக்கும் ஆள் கிடையாது. ஃபாண்ட் என்று நினைத்தேன், அது ஃபாண்ட் இல்லை என்று நாலு பேர் முன்னால் சொல்ல வாய் வரவில்லை. வெட்கம், வேறொன்றும் இல்லை. அந்த வெட்கத்துக்காக ஒருத்தனுடைய வேலையையும் கல்யாணத்தையும் கெடுத்தேன்.

என் மனைவிக்குத் தம்பிமேல் ஆத்திரம். ஒரு வரி ஒழுங்காக எழுதத் தெரியாதவன் என்று பொரிந்து தள்ளினாள். ஆத்திரம் ஆறியதும் அது கிண்டலானது. அவனுக்கு 'செலக்ட்டு' என்று பேர் வைத்துவிட்டாள். ஊருக்கு வந்தால் "வாடா செலக்ட்டு", சாப்பிட உட்கார்ந்தால் "செலக்ட்டுக்கு ரசம் ஊத்து". வீடே சிரிக்கும். அவனும் சிரிப்பான்.

சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் அவன் நன்றாகவே வந்தான். கூட வேலை பார்த்த பெண்ணையே கட்டிக்கொண்டான். 2012 பொங்கலுக்கு இரண்டு பேரும் கீரப்பாளையம் வந்திருந்தார்கள். மாட்டுப்பொங்கலன்று மத்தியானம் என் மனைவி ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைக்க உட்கார்ந்தாள். கொக்கிகளை அவள் போட்டு வைத்திருந்தது அந்தச் சீயக்காய்ப் பெட்டியில். புதுப்பெண் அதைக் கையில் எடுத்துத் திருப்பினாள்.

"அண்ணி, என்னா இது?"

"ஒன் வூட்டுக்காரன் செஞ்ச காரியம். செலக்ட்டுன்னு பேரு சும்மா வந்துச்சா?"

மச்சான் சிரித்துக்கொண்டே, "அது ஃபாண்ட் பிரச்சனக்கா" என்றான். என்னைப் பார்க்கவில்லை.

புதுப்பெண் வரியை இன்னொரு தடவை படித்தாள். "இதுல ஃபாண்டு எங்கேர்ந்து வந்துச்சு? டேட்டாபேஸ்ல கேக்கற கேள்வி இது. பதில் வராம கேள்வியே வந்துடுச்சு. ஏங்க, எந்த முட்டாள் இத ஃபாண்டுன்னு சொன்னது?"

அவன் தலையைக் குனிந்து பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்குக் கம்பெனி முதலாளி முன்னால் நான் பெட்டியைப் பார்த்தேனே, அதே மாதிரி.

"நான்தாம்மா சொன்னேன்" என்றேன்.

என் மனைவியின் ஊசி நின்றது. "எப்ப சொன்னீங்க?"

"அச்சடிக்கறதுக்கு முன்னாடி. அவன் போன் பண்ணி தப்புன்னு சொன்னான். நான் கேக்காம வெச்சிட்டேன்."

"விடுங்க மாமா" என்றான் மச்சான்.

என் மனைவி கொக்கிகளைக் கையில் கொட்டிக்கொண்டு காலிப் பெட்டியை என் பக்கம் தள்ளினாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"நாலு வருசமா எந்தம்பிய அந்தப் பேரு சொல்லிக் கூப்ட்டிருக்கேன். பக்கத்துல ஒக்காந்து நீங்களும் சிரிச்சிருக்கீங்க."

ஆமாம், சிரித்திருக்கிறேன்.