புரட்டாசி விரதமும் வைக்கோல் புகையும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தயங்கினேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் கடலைப் பற்றி எழுதுவதா என்ற கூச்சம். பெருமாள்மேல் பாரத்தைப் போட்டு இப்போது எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் புரட்டாசி முழுக்க மீன் கிடையாது. குறுவை அறுவடையும் அந்தச் சமயத்தில்தான். மிஷின் அறுத்துப் போட்ட வைக்கோல் வயலெல்லாம் கிடக்கும். அடுத்த போகத்துக்குத் தாளடி நெல் நட வேண்டுமே என்று கொளுத்திவிடுவோம். அந்த வருடமும் நெற்றியில் நாமம், கையில் தீப்பெட்டியோடு வரப்பில் நின்றேன்.

முத்துப்பேட்டைப் பக்கமிருந்து மொபெட்டில் மீன் விற்க வரும் பெண்ணை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். அன்று அவள் வேறு தெருக்களில் விற்றுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள்.

“எங்க விரதத்துல மீனெல்லாம் நிம்மதியா இருக்குமே, தங்கச்சி!” என்றேன்.

“வாயால விட்டுட்டு புகையால புடிக்கிறீங்களேண்ணே!”

“வயலு இங்க, கடலு எங்க?”

“புகையில இருக்குற கரி வாயு கடல்ல கரையுதாம். வண்டிப் புகை, மில்லுப் புகை எல்லாந்தான். தண்ணி புளிப்பேறி, சிப்பிக்கு ஓடு கட்ட முடியலையாம். சூடும் ஏறுது. எங்க சங்கத்துக்கு வந்த ஆபீசர் சொன்னாரு.”

“உப்புத்தண்ணி எப்படிம்மா புளிக்கும்?”

“நக்கிப் பாத்தா நமக்குத் தெரியாது. சிப்பியைக் கேளுங்க!”

சிரித்தவளின் குரல் சட்டென்று இறங்கியது. கரையோரம் மீன் குறைந்துவிட்டதாம். மீன்பிடிப் போட்டை விற்றுவிட்டு வெளிநாடு போவதாக வீட்டுக்காரர் ஒற்றைக்காலில் நிற்கிறாராம். “அவரை அனுப்பிட்டு நான் எப்படிண்ணே இருப்பேன்?”

பேச்சைக் கேட்டபடி வரப்பில் வந்த என் மனைவி, என் கையிலிருந்த தீப்பெட்டியை வாங்கிக்கொண்டாள். “அடுப்புக்கு ஆகும், குடுங்க.”

வைக்கோல் சுருட்டும் மிஷினுக்குச் சொன்னேன். அது வந்து சேர்வதற்குள், வைக்கோலைக் கொளுத்திவிட்ட பக்கத்து வயல்காரர் நட்டே முடித்துவிட்டார். “மீனு விரதத்தோட வைக்கோல் விரதமுமா?” என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

ஐப்பசியில் அந்தத் தங்கச்சி கூடையோடு வந்தாள். போட் என்னவாயிற்று என்று மனைவிதான் முதலில் கேட்டாள்.

“இன்னும் விக்கல, அக்கா. அண்ணன் வைக்கோலைக் கொளுத்தாம விட்டதுக்காக இல்ல. வாங்க ஒருத்தரும் வரல!”

அன்றிலிருந்து, போட்டை வாங்க ஆள் வராமலே இருக்கட்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். இப்படி ஒரு வேண்டுதலைப் பெருமாள் கேட்டிருக்கவே மாட்டார்.

இதைப் படித்தவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். நான் கடலைக் காப்பாற்றிவிட்டதாக மட்டும் கதை சேர்க்காதீர்கள். நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள்.