ஈர நூல்

இன்பமேரி தன் வீட்டை ஒரு நூலில் கட்டி இழுத்து வைத்திருந்தாள். நம்பாதவர்கள் சின்னக்கானலுக்குப் போய்க் கேட்கலாம். 1974இல் அவள் ஆயாவாக இருந்த தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில், தொட்டிலில் கிடந்தவர்களுக்குக்கூட இது தெரியும்.

வீடு இருந்தது நல்லேப்பிள்ளியில். டீச்சராயிருந்த சித்தி எழுதிவைத்துப் போனது. இடையில் ஒரு பகல் முழுக்கப் பஸ். காலேஜ் பையன்கள் மூவரை அதில் குடிவைத்து, மலைமேலிருந்தே பார்த்துக்கொண்டாள். ஒரே நிபந்தனை: மாதம் பிறந்ததும் கல் கட்டிய நூலைக் கிணற்றின் அடிவரை இறக்கி, நனைந்த அளவை மட்டும் வெட்டிக் கவரில் அனுப்ப வேண்டும். வீட்டுக்கு நாடி கிணற்றில்தான் என்பது அவள் கட்சி.

நூல் வந்ததும் முகர்வாள். பாசி வாசம் அடிக்கும். அப்புறம் தோட்டத்து வரிசை வீடான லயத்து வாசலில் உட்கார்ந்து, இரு கைகளிலும் அதை நீட்டிப் பிடிப்பாள். மேகம் மலையிறங்கி, படியேறி உள்ளே வரும். அடுப்பும் சுவரும் கரையும். அந்த வெள்ளைக்குள் நல்லேப்பிள்ளி வெயில் மெல்ல எழும். கறிவேப்பிலை மரம், கிணற்று உருளை, கொடியில் பையன்களின் சட்டைகள். ஒருமுறை நூலை லேசாகச் சுண்டினாளாம். அங்கே உருளை கிறீச்சிட்டதாம்.

அடுத்த வருடம் அவளுக்கு ஐம்பத்தெட்டு. வேலை முடிந்தால் லயத்து அறையையும் விட வேண்டும். போக வேறு கூரை இல்லை. கிணறு வற்றினால் பையன்கள் போய்விடுவார்கள். ஆளில்லாத வீட்டைக் கறையான் ஒரே கோடையில் தின்றுவிடும். நல்லேப்பிள்ளியில் பக்கத்துத் தோட்டத்துக் குப்பண்ணன் வேறு, "அந்த ஊட்டை எனக்கே குடுத்துப்போடுங்க அம்மிணி, மாடாவது கட்டிக்கறேன்" என்று வருடந்தோறும் எழுதிக்கொண்டிருந்தார்.

அந்த ஏப்ரலில் வந்த கவர் புடைத்திருந்தது. பிரித்தால் நூல் முடியவேயில்லை. லயத்தையே இரண்டு சுற்றுச் சுற்றிற்று. கோடையில் இவ்வளவு தண்ணீரா! இரண்டு நாள் இன்பமேரியின் கால் தரையில் பாவவில்லை. கிணறு பொங்கி, கெண்டை மீன்கள் சமையலறையில் நீந்த, பையன்கள் கட்டிலில் மிதந்தபடி பரீட்சைக்குப் படிப்பதைக் கண்ணாரக் கண்டாள். மூன்றாம் நாள்தான், முகர மறந்தது நினைவு வந்தது. முகர்ந்தாள். பாசி இல்லை. மொடமொடவென்று காய்ந்த நூல்.

முதல் பஸ்ஸில் ஏறினாள்.

வீட்டுக்குள் மூன்று பெட்டிகள் கயிறு கட்டித் தயாராக நின்றன. அந்த வருடம் புதிதாகக் குடிவந்து, முதன்முறையாக நூல் அனுப்பிய ஆறுமுகசாமி எழுந்து நின்றான்.

"ஏலே, நனைஞ்சதத்தானல அனுப்பச் சொன்னேன்?"

"ஏனுங்கம்மா, ஈர நூலைக் கவருக்குள்ள போட்டா உங்க விலாசம் அழிஞ்சு போயிருமுங்களே? அதானுங்க, நனைஞ்சதை வெட்டிப்போட்டுக் காஞ்சதை அனுப்புனேன்."

"காலேஜுல இதத்தான் படிச்சுக் குடுக்கானுவளா? நனைஞ்சது எம்புட்டு?"

அவன் கையை விரித்துக் காட்டினான். ஒரு சாண்.

"வாய்க்கால்லதானுங்க குளிக்கிறோம். நாளைக்குப் பரீட்சை முடியுது. காலேஜ் தொறந்தா வேற ஊடு பாத்துக்கலாம்னு..."

இன்பமேரி மடிப்பையிலிருந்து எட்டு வருட நூல்களை எடுத்துத் தரையில் பரப்பினாள். ஒவ்வொரு ஏப்ரல் நூலும் ஒரு சாண். ஒன்று நாலே விரல். அதனதன் பக்கத்தில் அந்த வருடத்து ஜூலை நூலை நீட்டினாள். அவை அறையைக் கடந்து, வாசலைத் தாண்டி, கறிவேப்பிலை மரம் வரை போயின.

"பாருல மக்கா. இந்தக் கெணறு கோடையில தூங்கும். தூங்குறவனச் செத்துட்டாம்னு தூக்கிட்டா போவ?"

ஆறுமுகசாமி குனிந்து, ஏப்ரல் நூலொன்றைத் தன் சாணோடு வைத்துப் பார்த்தான்.

"பொட்டிக இங்கயே இருக்கட்டுமுங்க," என்றான். "லீவு முடிஞ்சு வந்து இங்கயே பிரிச்சுக்கறோம்."

ஜூலையில் சின்னக்கானலுக்கு ஒரு கவர் வந்தது. விலாசம் முழுக்க நீலமாய்க் கரைந்திருந்தது. தபால்காரர் யோசிக்கவேயில்லை, சொட்டுகிற கடிதம் வருகிற வீடு அந்த மலையில் ஒன்றுதான். இன்பமேரி பிரிக்குமுன் முகர்ந்தாள். பிறகு பிழிந்தாளாம், அரைச்செம்பு தண்ணீர் வந்ததாம்.