ஏழு பத்துக்கு நிற்கும் லிஃப்ட்

ஈஸ்டருக்கு முந்திய நாற்பது லெந்து நாட்களில், ஏழாம் நாள் முதல் பதினாறாம் நாள் வரை, அந்த ஐந்து மாடிக் கட்டடத்து லிஃப்ட் தினமும் காலை ஏழு பத்துக்குப் பழுதாகி ஏழு இருபத்தைந்துக்குச் சரியானது. உண்மையில் பழுது ஒன்றுமில்லை. உள்ளே மெக்கானிக் ஜெபம் செய்துகொண்டிருந்தார்.

மனிதருக்கு வயது ஐம்பத்திரண்டு. அவர் பொறுப்பில் இருபத்தொன்பது லிஃப்டுகள். காலில் சக்கரம், காதில் போன். "தினமும் பதினைந்து நிமிடம் ஆண்டவருக்கு யார் தருவீர்கள்?" என்று சபையில் போதகர் கேட்டபோது முதலில் உயர்ந்த கை அவருடையது. முதல் ஆறு நாளும் முழங்கால் தரையில் படுவதற்குள் போன் அலறியது. அதிகம் ஜெபித்தது நாலாம் நாள்: இரண்டு நிமிடம் நாற்பது விநாடி.

ஜெபம் தவறியதற்கு காலண்டரில் ஆறாவது சிவப்புக் குறியைப் போட்டுவிட்டு மனைவி சொன்னாள்:

"கையத் தூக்க மட்டும் தெரியுது. உங்க வாக்கும் லிஃப்ட் மாதிரிதாங்க. ஏறின வேகத்துல இறங்கிடுது."

"போன் அடிக்குதே, நான் என்ன பண்ண?"

"இன்னும் ஒரு சிவப்பு விழட்டும். ஞாயித்துக்கிழமை சபையில நானே எழுந்து சொல்லிடறேன்."

சொன்னால் செய்கிறவள்.

மறுநாள் காலை அந்தக் கட்டடத்தில் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே லிஃப்டை நிறுத்திச் சோதித்தபோதுதான் கவனித்தார்: இரும்புப் பெட்டிக்குள் சிக்னல் இல்லாமல் போன் செத்துக் கிடந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்தாற்போல் இருந்தது. கீழே 'பழுது பார்க்கப்படுகிறது' என்று போர்டு மாட்டினார். காலண்டரில் வரிசையாகப் பத்துப் பச்சைக் குறிகள் விழுந்தன.

பதினேழாம் நாள். கைக்குட்டையை விரித்து முழங்காலிட்டு, "ஆண்டவரே" என்று வாயெடுத்ததுதான் தாமதம், வெளியே இன்னொரு குரல் அதையே சொன்னது. அங்கே லிஃப்டைச் சுற்றித்தான் படிக்கட்டு.

"ஆண்டவரே, ராத்திரி பூரா வார்டுல நின்னே இருந்தேன். இந்த முட்டி இனிமே ஒரு படி ஏறாது. அந்த மெக்கானிக் எங்க இருந்தாலும் இப்பவே அனுப்பும். அவனுக்கு வேலை தெரியலேன்னா, தெரிஞ்சவன் ஒருத்தனை அனுப்பும். ஆமென்."

நாலாம் மாடி நர்ஸம்மா. இரண்டு ஜெபங்களில் எது முதலில் கேட்கப்படும் என்பதில் மெக்கானிக்குக்குச் சந்தேகமே இல்லை. பட்டனை அழுத்தினார். இரண்டாம் மாடியில் கதவு திறந்தது; எதிரே படியில் நர்ஸம்மா உட்கார்ந்திருந்தார்.

"அடேயப்பா, இவ்வளவு சீக்கிரமா!" என்ற நர்ஸம்மாவின் பார்வை தரையில் கிடந்த கைக்குட்டைக்கும் வேதப்புத்தகத்துக்கும் போனது. "உள்ளேயேவா இருந்தீங்க?"

"ஜெபம் பண்ணிட்டிருந்தேம்மா. வெளிய போன் விடமாட்டேங்குது."

"லிஃப்டை நிறுத்தத் தெரியுது. போனை நிறுத்தத் தெரியாதா?"

அவரை நாலாம் மாடியில் விட்டுவிட்டு மெக்கானிக் போர்டைக் கழற்றினார். நர்ஸம்மா உட்கார்ந்திருந்த அதே படியில் உட்கார்ந்து, பதினோரு வருடத்தில் முதல்முறையாகப் போனை அணைத்தார். ஏழு இருபத்தொன்றிலிருந்து ஏழு முப்பத்தாறு வரை. உலகத்தில் எந்த லிஃப்டும் அறுந்து விழவில்லை.

போனை உயிர்ப்பித்தார். ஒன்பது அழைப்புகள் வந்திருந்தன. ஒன்பதும் மனைவி. பதறியடித்துக் கூப்பிட்டார்.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை. ஜெபம் பண்ணீங்களான்னு கேக்கத்தான்."

"அதுக்கு ஒன்பது தடவையா?"

"எடுக்கலேன்னா பண்றீங்கன்னு அர்த்தம். பச்சை போட்டுட்டேன்."

மெக்கானிக் கையிலிருந்த போர்டைப் பார்த்தார்.

"இன்னைக்குப் போட்டது இருக்கட்டும். முன்னாடி போட்ட பத்தையும் சிவப்பாக்கிடு. வந்து சொல்றேன்."

"அப்போ ஞாயித்துக்கிழமை?"

"நீ எழுந்திரிக்க வேண்டாம்," என்றார். "நானே எழுந்திரிக்கிறேன்."