சாப்பாட்டு மேசையில் குதுப் மினார்

காலையில் பாலில் போட்ட சீரியலை வாயில் வைத்தால் பல்லில் முதலில் நறநறப்பது டைல்ஸ் தூசுதான். 2009இல் ரெய்னர்ஸ் லேனில் இருந்த எங்கள் வீட்டில் பாலும் சோறும் தேநீரும் இரண்டு வாரம் அந்தத் தூசோடுதான் தொண்டையில் இறங்கின, ஏனென்றால் சாப்பாட்டு மேசையில் அப்பா குதுப் மினார் வளாகத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்.

ஜெர்மனியிலிருந்து லண்டனுக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. எனக்குப் பத்து வயது. பழங்காலக் கட்டடம் ஒன்றின் படத்தோடு ஒரு பக்கக் குறிப்பும் எழுதிவரச் சொன்ன ஆசிரியை, என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு டெல்லியின் குதுப் மினாரை எனக்கு ஒதுக்கினார். நாங்கள் யாழ்ப்பாணம், டெல்லியோடு எங்களுக்கு ஒரு தொடர்பும் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவர் சிரித்தபடி அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார். அந்த எரிச்சலை வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கொட்டியது நான் செய்த பெரும் பிழை.

அப்பா டைல்ஸ் பதிப்பவர். அந்த வருடம் வேலை குறைந்து, வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருந்தார். நூலகப் புத்தகத்தை நான் வாசித்துச் சொல்லச் சொல்ல, அவருடைய கண் உயரமான கோபுரத்தை விட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த பழைய மசூதியின் வளைவுகளிலேயே நின்றது. எண்ணூறு வருடங்களுக்கு முன் புதிதாக வந்த சுல்தான் வளைவு கேட்டிருக்கிறார். உள்ளூர்க் கல்தச்சர்களுக்கோ தூணும் உத்தரமும்தான் பழக்கம். அவர்கள் கற்களைப் படுக்கையாக அடுக்கி, ஒவ்வொரு வரிசையையும் சற்று முன்தள்ளி, உச்சியில் முட்டவைத்து, வளைவு போலச் செதுக்கிக் கொடுத்துவிட்டார்கள். ஆப்பு வடிவக் கற்கள் ஒன்றையொன்று நெருக்கித் தாங்கும் உண்மையான வளைவு, அதே வளாகத்தில் அலாய் தர்வாசா என்ற வாசலைக் கட்டியபோதுதான் வந்தது. அதற்குள் நூறு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

"அப்பா, படம் கீறினால் காணும், டீச்சர் அவ்வளவுதான் கேட்டவ," என்றேன்.

"படத்தில என்ன விளங்கும்? ரெண்டு வளைவையும் கட்டிப் பாப்பம்."

"கட்டிப் பாப்பம்" என்ற சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குத் தலை இடிக்கிறது. பள்ளி விட்டு வந்ததும் "பிடி, ஆட்டாத" என்று என் கையில் ஒரு டைல்ஸ் துண்டைத் திணித்துவிடுவார். படுக்கையாக அடுக்கிய வளைவு மூன்று முறை சரிந்தது. மூன்று முறையும், "அந்த மனுசர் என்ன பாடு பட்டிருப்பினம்!" என்று சந்தோஷப்பட்டார். அம்மா மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டபடி, "இஞ்ச இருந்து சாப்பிட இடமில்லை, இவருக்கு மசூதி," என்று சுவரிடம் சொன்னார்.

வெள்ளிக்கிழமை அப்பாவும் நானும் அதை வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ஆசிரியை சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அழகாக இருக்கிறது, ஆனால் பிள்ளை செய்த வேலை இல்லையே, இதற்குப் புள்ளி போட முடியாது என்று அப்பாவிடம் என்னைச் சொல்லச் சொன்னார். அப்பாவுக்கு அப்போது ஆங்கிலம் ஓடாது. நான் சொன்னதைக் கேட்டு அவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை.

"டீச்சரிட்ட சொல்லு பிள்ளை, அந்த மேசன்மாரும் வேற ஊர்க்காரர் கேட்டதைத் தங்களுக்குத் தெரிஞ்ச மாதிரித்தான் கட்டிக் குடுத்தவை. எண்ணூறு வருசமா நிக்குது. அதைத்தான் என்ர பிள்ளைக்குக் காட்டினனான் எண்டு சொல்லு."

வகுப்பு முழுவதும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு வாரக் கோபத்தில், "ஹி இஸ் சொறி," என்று அவர் பெயரில் மன்னிப்புக் கேட்டேன்.

அந்த ஒரு சொல் அவருக்குத் தெரியும். என்னை ஒருமுறை பார்த்தார். ஆசிரியைக்குத் தலையசைத்துவிட்டு வெளியே போனார். மாலையில் காரில் ஒன்றே ஒன்று கேட்டார்: "நான் எப்பவம்மா சொறி சொன்னனான்?" நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதற்குப் பதிலாக அரைமணி நேரத்தில் நான் கீறிக் கொடுத்த படத்துக்கு நல்ல புள்ளி கிடைத்தது. அப்பா கட்டியது கோடை விடுமுறைக்குப் பின் பள்ளியில் இல்லை; எங்கே என்று நாங்கள் கேட்கவும் இல்லை.

போன மாதம் வேலை விஷயமாக டெல்லி போயிருந்தபோது அந்தப் பழைய மசூதி வளைவின் கீழ் நின்றேன். நான் சொல்ல மறுத்ததை ஒரு வழிகாட்டி நல்ல ஆங்கிலத்தில் இரண்டே நிமிடத்தில் யாருக்கோ சொல்லி முடித்தார். அவர் மேல் காரணமில்லாமல் சினம் வந்தது. அங்கிருந்தே அப்பாவுக்குப் போன் எடுத்தேன்.

"அப்பா, அண்டைக்கு நீங்கள் சொன்னதை டீச்சரிட்ட நான் சொல்லேல்லை."

"எந்த டீச்சர்?"

உண்மையாகவே மறந்துவிட்டார். நான் விளக்கத் தொடங்க, "கொஞ்சம் நில்லு, கவுன்சில்காரன் மற்றப் போனில," என்று போய், நகரசபைக்காரரோடு தன்னுடைய ஆங்கிலத்தில் சத்தமாகச் சண்டை பிடித்தார். அவருக்காகப் பேச இப்போது ஒருவரும் தேவையில்லை. அவருடைய ஒவ்வொரு வார்த்தையும் என் வாய்வழியாகப் போகவேண்டியிருந்த காலம் முடிந்துவிட்டது. அன்றைக்கு டீச்சரிடம் சொல்லாமல் விட்ட அந்த ஒரு வசனத்தை இனி நான் யாரிடம் சொல்வது?