மிக்கேல் சொல்லாத தீர்ப்பு

திருவெறும்பூர் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற ஸ்டீபன்ராஜை அந்தக் கோயில் பங்கில் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. பலருக்கும் அவர் மிக்கேல்தான். செப்டம்பர் கடைசியில் அதிதூதர்கள் திருவிழாவுக்குக் கோயில் மைதானத்தில் நாடகம் போடுவார்கள். கபிரியேலாகவும் ரபேலாகவும் வருகிறவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். மரியாளிடம் சேதி சொல்லவும், வழிப்பயணத்தில் துணை போகவும் மெல்லிய குரல் போதும். பிசாசாகிவிட்ட லூசிபரை வானத்திலிருந்து விரட்டுகிற மிக்கேலுக்கு அந்தக் குரல் போதாது. அதனால் எல்லா வருஷமும் ஸ்டீபன்ராஜ்தான்.

லூசிபராக வந்தவன் அவருடைய தம்பி அமலதாஸ். பலகை அதிர மல்லாக்க விழுவான். அண்ணன் அவன் மார்பில் கால் வைத்து, ஈட்டியை ஓங்கி, "கடவுளுக்கு நிகர் யார்?" என்பார். மிக்கேல் என்ற பேருக்கு அர்த்தமே அதுதான்.

ஒரு ஜூலையில் அவர்கள் அம்மா புத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில் கிடந்தாள். அன்று மத்தியானம் துணைக்கு இருக்க வேண்டியவன் அமலதாஸ். டீ குடிக்கப் போகிறேன் என்று போனவன், சிநேகிதர்களோடு குடித்துவிட்டு ஐந்து மணிக்குத் திரும்பினான். மூன்று மணிக்கே அம்மாவின் உயிர் போயிருந்தது.

அம்மாவை அடக்கம் செய்தபோது ஸ்டீபன்ராஜ் வாயைத் திறக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து, மேடையில், தம்பியின் மார்பில் கால் இருந்தபோது திறந்தார்.

"பெத்தவளை அனாதையா சாக விட்டுட்டுக் குடிக்கப் போனவன்டா நீ! உனக்கு மோட்சமும் கிடையாது, மன்னிப்பும் கிடையாது!"

மைக்கில் அது மைதானம் முழுக்கக் கேட்டது. விஷயம் தெரியாதவர்கள் நாடக வசனம் என்று கைதட்டினார்கள். அமலதாஸ் அசையாமல் கிடந்தான். திரை விழுந்ததும் கரி பூசிய முகத்தோடு மனைவி பிரான்சியைக் கூட்டிக்கொண்டு போனான். அந்த மாதமே திருவானைக்காவலுக்கு வீடு மாறி, ஸ்கூல் வேன் ஓட்ட ஆரம்பித்தான்.

எட்டு வருஷம் ஸ்டீபன்ராஜ் வேறொரு லூசிபரை மிதித்தார். தான் சொன்னது நியாயம் என்றே நினைத்திருந்தார். போன வருஷம் ஒத்திகைக்கு வந்த புதுப் பங்குச் சாமியார், மிக்கேல் லூசிபரைத் திட்டுகிற வசனத்தைக் கேட்டுவிட்டு ஒன்று சொன்னார்.

"மோசேயோட உடலுக்காக மிக்கேலும் பிசாசும் வாதாடுற இடம் பைபிள்ல இருக்கு ஸ்டீபன். அங்ககூட மிக்கேல் அவனைப் பழிச்சுப் பேசல. தீர்ப்பை ஆண்டவர்கிட்டயே விட்டுட்டாரு."

"பிசாசைக்கூடவா பழிக்கல, ஃபாதர்?"

"பிசாசைக்கூட."

அதற்கு மேல் அவருக்கு ஒத்திகை ஓடவில்லை. மறுநாள் காலை சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறித் திருவானைக்காவல் போனார். அமலதாஸ் வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். தலை நரைத்திருந்தது.

"வாங்கண்ணே," என்றான், நேற்றுத்தான் பார்த்த மாதிரி. பிரான்சி காபி கொடுத்தாள்.

"அமலு, அன்னைக்கு நான் பேசினது தப்புடா."

"நீங்க பொய் ஒண்ணும் சொல்லலையேண்ணே. அம்மாவை விட்டுட்டுப் போனது நான்தான்." அவன் கையைத் துடைத்துக்கொண்டான். "அந்தத் திருவிழா முடிஞ்சதும் சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணி மன்னிப்புக் கேக்கணும்னு இருந்தேன். நீங்க ஊர் முன்னாடி மன்னிப்பே கிடையாதுன்னுட்டீங்க. அப்புறம் எந்தக் கோயிலுக்கும் போகலை."

"இப்ப வாடா. ரெண்டு பேரும் போவோம்."

"பிள்ளைங்களை ஏத்தணும், நேரமாச்சுண்ணே."

அந்த வருஷம் ஸ்டீபன்ராஜ் நாடகத்தில் நடிக்கவில்லை. கல்லறைத் திருநாளன்று அம்மாவின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வெகுநேரம் நின்றார். பிரான்சி மட்டும் மாலையோடு வந்தாள்.

"கேட் வரைக்கும் அவரும் வந்தாரு, மாமா. உள்ள வரலை, திரும்பிட்டாரு."

அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கேட்டுக்கு ஓடினார். பூக்காரர்களும் மெழுகுவர்த்திக் கடைகளும்தான் இருந்தன. வேன் போய்விட்டிருந்தது.